மாப்பிள்ளைக்கு மாமாவின் செயல்முறை ஆணைகள்

பொருள்: உயர் நீதிமன்ற வழக்குகள் – முதல் ரிட் மனு வரப்பெற்றது – கலங்காதிருத்தல் – அறிவுரைகள் வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: என் மகள் நேற்றிரவு போனில் அழுதது.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோட்டாட்சியராகப் பொறுப்பேற்று நாற்காலி சூடாவதற்குள் ஹைகோர்ட்டிலிருந்து பேப்பர் வந்துவிட்டதாம். 'மூன்றாம் எதிர்மனுதாரர்' என்ற இடத்தில் உங்கள் பதவியைப் பார்த்ததிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆம் உறுப்பைப் படிக்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். குரூப் ஒன் பரீட்சைக்குப் படித்ததே போதும். அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். அரசு அதிகாரி வரம்பு மீறினால் உயர் நீதிமன்றம் பேராணை பிறப்பித்துக் குடிமகனைக் காப்பாற்றும். அத்தனையும் உண்மை. கலெக்டர் ஆபீஸ் வழக்குப் பிரிவில் தலை நரைத்தவன் சொல்கிறேன், அந்த உண்மையால் நமக்கு இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எடுத்த முடிவு சரியா தப்பா என்று கோர்ட் பார்க்காது. முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும். 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில், செல்போன் லைசென்ஸ் டெண்டர் தகராறில், உச்ச நீதிமன்றம் இதைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறது. நாங்கள் மேல்முறையீடு கேட்கவில்லை, அதிகாரியின் நாற்காலியில் நாங்கள் உட்கார மாட்டோம் என்று. கொள்கையில் பழுது சொல்ல முடியாது. அணை எங்கே கட்டுவது, டெண்டர் யாருக்குக் கொடுப்பது என்றெல்லாம் நீதிபதி முடிவு செய்ய ஆரம்பித்தால் தேர்தல் எதற்கு, அமைச்சர் எதற்கு? ஆனால் டெல்லியில் டெலிபோன் கம்பெனிகளுக்காகச் சொன்ன இந்தப் பெரிய கொள்கை படிப்படியாக இறங்கி நம் தாலுகா ஆபீஸ் வராந்தாவுக்கு வரும்போது, மாப்பிள்ளை, அது நமக்குத் தகுந்தாற்போல் ஆகிவிடுகிறது. முறையாகச் செய்த அநியாயத்துக்கு ஆயுசு கெட்டி.

இதற்கு மூல முனிவர் இங்கிலாந்தில் இருக்கிறார். வெட்னஸ்பரி என்று ஓர் ஊர். அந்த ஊர் நகராட்சி, ஞாயிற்றுக்கிழமை சினிமா காட்டலாம், ஆனால் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, பெற்றவர்களோடு வந்தாலும், உள்ளே விடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. தியேட்டர்காரர் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். 1948-ஆம் ஆண்டு சட்ட அறிக்கையில் அச்சேறிய அந்தத் தீர்ப்பில் கிரீன் பிரபு ஒரு சோதனை வைத்தார். புத்தியுள்ள எந்த அதிகார அமைப்பும் எடுத்திருக்கவே முடியாத அளவுக்கு ஒரு முடிவு அபத்தமாக இருந்தால்தான் கோர்ட் கைவைக்கும். தலைமுடி செம்பட்டையாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஆசிரியையை வேலையிலிருந்து தூக்குவதை அதற்கு உதாரணம் காட்டினார். இன்றைக்கும் நம் அரசு வக்கீல்கள் அந்த ஊரின் பெயரை உச்சரிக்காமல் ஒரு வாரம் கழிவதில்லை. அவர்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அங்கே சினிமா பார்க்க முடியாமல் போன பிள்ளைகளுக்காக இங்கே ரேஷன் கார்டு ரத்தானவன் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

இந்தச் சோதனையில் நமக்கு இருக்கிற வசதியைக் கவனித்தீர்களா? புத்தியுள்ள எந்த அதிகாரியும் இப்படிச் செய்ய மாட்டார் என்று மனுதாரர் காட்ட வேண்டும். நம் துறையில் அது நடக்கிற காரியமா? நீங்கள் எவ்வளவு விபரீதமான உத்தரவு போட்டாலும், பக்கத்து மாவட்டத்தில் அதைப் போலவே இன்னொருவர் போட்டிருப்பார். அதன் நகலை வாங்கி இணைத்துவிட்டால் அது முன்னுதாரணம்.

அடுத்தது, உத்தரவு எழுதும் கலை. எங்கள் காலத்தில் 'பார்வையில் கண்ட மனு விதிகளுக்கு உட்படாததால் நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரே வரி. அழகான வரி. கோர்ட் அதைக் கெடுத்துவிட்டது. பஞ்சாபில் 1977 மக்களவைத் தேர்தலின்போது ஃபெரோஸ்பூர் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப் பதிவு நடத்தத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பதில் மனுவில் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாக் காரணமும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். இது நம்மை ஒழிக்க வந்த தீர்ப்பு என்று அப்போது பெரியவர்கள் கலங்கினார்களாம். கலங்கியிருக்கவே வேண்டாம். இப்போது ஒரு வரிக்குப் பதில் நான்கு பக்கம் எழுதுகிறோம். கடைசி வரி அதேதான்.

இதை நீங்கள் நம்புவதற்காக ஒரு கோப்பின் கதையைச் சொல்கிறேன். என் சர்வீசில் நான் பெருமையாக நினைக்கிற கோப்பு. ஓர் அம்மாள். தகப்பன் வழி வந்த ஒரு ஏக்கர் சொச்சம் நஞ்சை. நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க யு.டி.ஆர். கணக்கு எழுதின காலத்தில் எவனோ கைத்தவறாக, கைத்தவறுதான் என்று வைத்துக்கொள்வோம், அடுத்த வயல்காரன் பெயரை அ-பதிவேட்டில் ஏற்றிவிட்டான். கிரயப் பத்திரம் இருக்கிறது. தீர்வை ரசீது கட்டுக்கட்டாக இருக்கிறது. உழுவதும் அறுப்பதும் அவள்தான். பட்டாவில் பெயரைத் திருத்திக் கொடுங்கள் என்று ஜமாபந்தியில் மனுக் கொடுத்தாள். மனுநீதி நாளில் கொடுத்தாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாள். முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கே எழுதினாள். அது கோட்டையிலிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து கோட்டத்துக்கும், கோட்டத்திலிருந்து தாலுகாவுக்கும் 'தக்க நடவடிக்கைக்காக' என்ற முத்திரையோடு இறங்கி, அவள் யார் மேல் புகார் எழுதியிருந்தாளோ அந்தக் கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் மிகவும் கண்ணியமானவர். 'மனுதாரரின் புகாரில் உண்மை இல்லை' என்று அறிக்கை கொடுத்தார்.

கடைசியில் கம்மலை விற்று ஹைகோர்ட்டுக்குப் போனாள். நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே அட்மிஷனில் நடக்கிற காட்சி. பட்டியல் மலைபோல் கிடக்கும். மனுதாரர் வக்கீல் எழுந்து, "மை லார்ட், என் கட்சிக்காரரின் மனுவைப் பரிசீலித்தால் போதும்" என்பார். அரசு வக்கீல் எழுந்து, "நோட்டீஸ் எடுத்துக்கொள்கிறேன், ஆட்சேபணை இல்லை" என்பார். நீதிபதி, 'வழக்கின் தகுதிக்குள் செல்லாமல்' என்று ஆரம்பிப்பார். மீதி சுருக்கெழுத்தருக்கு மனப்பாடம். மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்துச் சட்டப்படி தகுந்த உத்தரவு பிறப்பிக்க வேண்டும். முடிந்தது. கோர்ட் கணக்கில் ஒரு வழக்கு பைசல். வக்கீல் கணக்கில் ஒரு வெற்றி. நம் கணக்கில் பன்னிரண்டு வாரம் வரவு. அவள் வக்கீல் குமாஸ்தாவுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

நாங்கள் பதினோராவது வாரம் ஒரு வரியில் நிராகரித்தோம். அவள் மறுபடி ரிட் போட்டாள். காரணம் சொல்லாத உத்தரவு செல்லாது, ரத்து செய்கிறோம், மீண்டும் பரிசீலியுங்கள் என்று திரும்பி வந்தது. நாங்கள் நான்கு பக்கத்தில் காரணம் எழுதி நிராகரித்தோம். அவள் மறுபடி போட்டாள். நேரில் அழைத்து விசாரிக்கவில்லை, இயற்கை நீதிக்கு விரோதம், ரத்து, மீண்டும் பரிசீலியுங்கள். நேரில் அழைத்தோம். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் நோட்டீஸ் கொடுத்தோம், வந்துவிட்டாள். அன்றைக்கு மந்திரி விசிட். சாயங்காலம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டுப் பெயர் கேட்டோம். 'மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார். அவரது வாதம் ஏற்புடையதாக இல்லை.' அவள் மறுபடி போட்டாள். இந்தத் தடவை அரசுத் தரப்பே ஒரு புதையலைக் கண்டுபிடித்தது. யு.டி.ஆர். பிழையைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்குத்தான், இத்தனை வருஷம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை! ஆகவே எங்கள் உத்தரவு ரத்து. மாவட்ட வருவாய் அலுவலர், மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்.

மாப்பிள்ளை, ஒரு வழக்கில்கூட அவள் தோற்கவில்லை. ஒவ்வொரு தீர்ப்பும் அவள் பக்கம். அந்த நகல்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தாள். நிலத்தைவிட அவை கொஞ்சம்தான் எடை குறைவு. போன வருஷம் செத்துப்போனாள். பிள்ளைகள் வழக்கைத் தொடர வாரிசுச் சான்றிதழ் வேண்டுமென்று நம் தாலுகா ஆபீசில் விண்ணப்பித்திருக்கிறார்கள். பரிசீலனையில் இருக்கிறது.

இந்தக் கோப்பில் எங்களுக்கு யார் ஆசான் என்று யோசித்துப் பாருங்கள். காரணம் எழுதக் கற்றுக் கொடுத்தது யார்? விசாரணை நடத்தியதாகப் பதிவு செய்யக் கற்றுக் கொடுத்தது யார்? ஒவ்வொரு ரத்தும் எங்களுக்கு ஒரு பாடம். அவள் செலவில் நாங்கள் படித்தோம். இன்று எங்கள் பிரிவிலிருந்து போகிற நிராகரிப்பில் ஹைகோர்ட் விரல் நுழைய இடம் இருக்காது.

காஷ்மீரில் ஒரு வனத்துறை அதிகாரி இருந்தார். பதவிக்கான தேர்வுக் குழுவில் உறுப்பினரும் அவர், அந்தப் பதவிக்கு வேட்பாளரும் அவர். தன் பெயர் வரும்போது மட்டும் நாகரிகமாக வெளியே போய்விட்டு, போட்டியாளர்களின் பெயர் வரும்போது உள்ளே உட்கார்ந்து தீர்மானித்தார். 1969-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே தூக்கி எறிந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதைச் சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் இன்றும் அந்த வழக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதே நீதிமன்றங்கள்தான் தினந்தோறும், மனுவை எந்த நாற்காலி நிராகரித்ததோ அந்த நாற்காலிக்கே திருப்பி அனுப்பி, நீ சரியாகத்தான் செய்தாயா என்று நீயே பார்த்துச் சொல் என்கின்றன. அந்த வனத்துறைக்காரருக்காவது வெளியே எழுந்து போகும் கூச்சம் இருந்தது.

இந்தப் பழக்கம் தப்பு என்று யாரும் சொல்லவில்லையா என்றால், சொல்லியிருக்கிறார்கள். 2006-ல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கிலும், மறுபடி 2008-லும் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திரன், மனுவின் தகுதியைப் பார்க்காமல் 'பரிசீலி' என்று மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கத்தால் என்னென்ன கேடு வரும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கியிருக்கிறார். கீழே இருக்கிற நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்புகளையும் பரிசீலித்துவருகின்றன என்றே நினைக்கிறேன்.

பெரிய இடத்தில் இருந்தால் மட்டும் வேறு விதமாக நடக்கும் என்று எண்ணாதீர்கள். இ.பி. ராயப்பா இந்த மாநிலத்தின் தலைமைச் செயலாளர். அவரைத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் என்றார்கள், பிறகு விற்பனை வரியை ஆராயும் தனி அலுவலர் என்றார்கள். முதலமைச்சர் பழிவாங்குகிறார் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1974-ஆம் ஆண்டு சட்ட அறிக்கையில் இருக்கிறது அந்தத் தீர்ப்பு. தன்னிச்சையான செயலும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்ற கருத்தை நீதிபதி பகவதி எழுதியது அதில்தான். இந்தியாவில் அரசை எதிர்த்து எழுதப்படும் ரிட் மனுக்களில் பாதி அந்தக் கருத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. உலகமெல்லாம் கொண்டாடும் வழக்கு. அதில் ராயப்பாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் குறைவு. மனு தள்ளுபடி. கொள்கையை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமைச் செயலாளருக்கே அப்படியென்றால் கம்மலை விற்றவள் எம்மாத்திரம்?

நாளைக்குக் கன்ஃபர்டு ஐ.ஏ.எஸ். கிடைத்துக் கலெக்டர் ஆவீர்கள். அப்போது இன்னொரு பேனா கைக்கு வரும். 1982-ஆம் வருடத்து 14-ஆம் சட்டம். ஊரார் குண்டாஸ் என்பார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவரில் ஆரம்பித்த சட்டம் அது. பிறகு திருட்டு விசிடி போட்டவர் வந்தார், மணல் அள்ளியவர் வந்தார், 2014-ல் இணையக் குற்றம் செய்தவரும் வந்தார். வீட்டில் புதிதாக எந்தச் சாமான் வாங்கினாலும் அதற்கு ஒரு கிளைப் பிரிவு சேர்ந்துவிடும்போல. நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு மனிதன் விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே இருப்பான். அவன் குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டாம். செய்யக்கூடும் என்று உங்கள் மனதுக்குத் திருப்தியானால் போதும். உங்கள் மனதின் திருப்தி, உண்மையில் இன்ஸ்பெக்டரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருக்கும். பெயரையும் குற்ற எண்ணையும் மாற்றினால் போதும். சில சமயம் மாற்ற மறந்துவிடுவார்கள்.

அதற்கு ஆட்கொணர்வு மனு போடுவார்கள். ஹைகோர்ட் ரத்தும் செய்யும், தாராளமாகச் செய்யும். ஜாமீன் மனுவே போடாதவன் ஜாமீனில் வந்துவிடுவான் என்று எழுதியிருக்கிறார்கள், ரத்து. கொடுத்த ஆவணத்தில் ஒரு பக்கம் படிக்கும்படி இல்லை, ரத்து. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள், ரத்து. 2011-ல் காலாவதி மருந்து விவகாரத்தில் வந்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவல் எதற்கு என்று கேட்டு ரத்து செய்தது. எல்லாம் சரி. ஆனால் அந்த ரத்து எப்போது வருகிறது என்று பாருங்கள். மாதங்கள் கழித்து. அதற்குள் அவன் வேலை போயிருக்கும், ஆட்டோவை ஃபைனான்ஸ்காரன் இழுத்துக்கொண்டு போயிருப்பான், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை 'குண்டர் மகன்' என்று கூப்பிட்டுப் பழகியிருப்பார்கள். ஜெராக்ஸ் மிஷினில் மை தீர்ந்துபோனதால் விடுதலையானவர்கள் இந்த மாநிலத்தில் உண்டு, மாப்பிள்ளை. மை தீராமல் இருந்திருந்தால் அவர்கள் நிரபராதியா குற்றவாளியா என்ற கேள்வியை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். மை தீர்ந்தபோதும் கேட்கவில்லை. உத்தரவு போட்டவரை, மனதில் திருப்தி எங்கிருந்து வந்தது ஐயா என்று கூண்டில் ஏற்றிக் கேட்ட நீதிபதி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். உத்தரவு போட்டவர் அந்த மாதமே வேறு ஜில்லாவுக்கு மாறுதலாகி அங்கேயும் அதே வார்ப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இதற்கு 'மனதைச் செலுத்தாமை' என்று தீர்ப்பில் ஒரு கண்ணியமான பெயர் உண்டு. மனம் இருந்தது, செலுத்தத்தான் மறந்துவிட்டார் என்று ஆகிறது.

பீகாரில் ஒருவர் 1968-ல் விடுதலை ஆனார். தீர்ப்பில்தான். சிறையிலிருந்து வெளியே வந்தது 1982-ல். உச்ச நீதிமன்றம் அடுத்த வருஷம் அவருக்கு இழப்பீடாக, முன்பு கொடுத்த ஐயாயிரத்தோடு சேர்த்து, முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினான்கு வருஷத்துக்கு. இழப்பீட்டுச் சட்டத்தில் அது பெரிய புரட்சி என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கொடுத்தது அரசுக் கஜானா. அதாவது அவரும், அவரைப்போல வரி கட்டும் மற்றவர்களும்.

நமக்குச் செலவு இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். வழக்கில் தோற்றால் கோர்ட் செலவு கஜானாவிலிருந்து. வக்கீல் அரசு வக்கீல். கார் அரசு கார், சென்னைக்குப் போய்வரப் பயணப்படி உண்டு. அப்பீல் போடக் காலம் தவறினால் 'தாமதத்தைப் பொறுத்தருளும் மனு' உண்டு. ஒரு குடியானவன் கெடு தாண்டி வந்தால் நீங்கள் அவன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், கெடு தாண்டிவிட்டது என்று தள்ளிவிடலாம். நாம் ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்துப் போனால், கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்ந்தது, அங்கிருந்து சட்டத் துறைக்கு நகர்ந்தது என்று தேதிவாரியாக எழுதினால் போதும். 2012-ல் தபால் துறை ஒரு பத்திரிகைக் கம்பெனியோடு நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் கோப்பு நகர்ந்த கதையை இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று கோபமாகச் சொன்னது. அதற்குப் பிறகும் கோப்பு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மனசாட்சி உறுத்தாதா என்று நீங்கள் கேட்பீர்கள், இளரத்தம். மனசாட்சிக்குச் செலவினத் தலைப்பு எதுவும் ஒதுக்கப்படவில்லை.

பயப்பட வேண்டியது இரண்டே தீர்ப்புக்குத்தான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள், ஏனென்றால் இதை மனுதாரர் வக்கீல்கள் பார்க்கக்கூடாது. ஒன்று 1986-ல் வந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சம்பந்தப்பட்ட வழக்கு. அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், அதிகாரி தன் அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால், அவர் போட்டிருக்க வேண்டிய உத்தரவை உயர் நீதிமன்றமே போடலாம். புரிகிறதா? அந்த அம்மாளின் பத்திரத்தையும் ரசீதையும் முதல் நாளே மேசையில் விரித்துப் பார்த்து, இன்ன தேதிக்குள் பட்டா கொடு என்று எழுதியிருக்கலாம். திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இன்னொன்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கு, நுகர்வோர் விவகாரம். வேண்டுமென்றே அலைக்கழித்த அதிகாரியைக் கண்டுபிடித்து, இழப்பீட்டுத் தொகையை அவர் கையிலிருந்து வசூலியுங்கள் என்றது. கஜானாவிலிருந்து இல்லை மாப்பிள்ளை. கையிலிருந்து. சம்பளத்திலிருந்து.

இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்து உலுக்கிய ஒரு நீதிபதியை என் சர்வீசில் பார்த்திருக்கிறேன். அரசு வக்கீல் எழுந்து "பரிசீலிக்கிறோம்" என்றார். "நீங்கள் பரிசீலித்தது போதும், கோப்பைக் கொடுங்கள், நான் படிக்கிறேன்" என்று வாங்கி, அங்கேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆபீசில் அன்றைக்கு ஒருத்தரும் டீ குடிக்கவில்லை. அந்த மனுதாரருக்கு ஒரு வாரத்தில் உத்தரவு போய்ச் சேர்ந்தது. எங்களால் ஒரு வாரத்தில் முடியும் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. இருந்தாலும் பணிச்சுமையில் அந்தப் பழக்கம் தேய்ந்துவிடுகிறது.

கடைசியாக, நீங்கள் மிகவும் அஞ்சுகிற விஷயம், நீதிமன்ற அவமதிப்பு. உத்தரவை நிறைவேற்றாவிட்டால் ஜெயில் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1971-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதிகபட்சம் ஆறு மாதம் வெறுங்காவல், கூடவே இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டாயிரம்! ஒரு ரிட் மனுவுக்கு அவள் டைப்பிங், ஜெராக்ஸ், வக்காலத்து என்று குமாஸ்தாவிடம் கொடுத்ததே அதற்கு மேல் இருக்கும். அதுவும் மன்னிப்புக் கேட்டு, அது மனப்பூர்வமானது என்று கோர்ட் திருப்தியடைந்தால் விட்டுவிடலாம். இன்னொரு சௌகரியம், அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். அவள் வயதென்ன, ஊரென்ன, பஸ் கட்டணமென்ன என்பதையெல்லாம் பார்த்து ஒரு வருஷம் தாங்குவாளா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் வா என்று கூப்பிட்டால்? ஆஜராக வேண்டிய நாள் காலை பத்து மணிக்குள் உத்தரவை நிறைவேற்றிவிடுங்கள். மூன்று வருஷம் செய்ய முடியாததை மூன்று மணி நேரத்தில் செய்யலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. இப்போதெல்லாம் கூப்பிடுவதும் குறையப் போகிறது. அலகாபாத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கே வரவேண்டிய சலுகைகளை உத்தரப் பிரதேச அரசு இழுத்தடித்தது. காலமெல்லாம் மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்தவர்களின் சங்கமே மனுதாரராக வந்து நின்றது! 2023 ஏப்ரலில் ஹைகோர்ட் பொறுமை இழந்து, நிதித் துறைச் செயலாளர்களைக் காவலில் வைக்கச் சொன்னது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவர்களை விடுவித்தது. மறுநாளே, மாப்பிள்ளை. பன்னிரண்டு வாரமெல்லாம் இல்லை. யாருக்கும் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்பவும் இல்லை. 2024 ஜனவரியில் விரிவான வழிமுறையும் வகுத்துக் கொடுத்தது. அதிகாரிகளை எடுத்ததற்கெல்லாம் நேரில் வரவழைக்கக் கூடாது, முதலில் காணொளியில் வரச் சொல்லலாம், அவர்கள் உடுத்தியிருப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. நியாயம்தான். அதிகாரிக்கும் மானம் இருக்கிறது. வராந்தாவில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தவளுக்கான வழிமுறையை அடுத்த பெஞ்சில் எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

ஆகவே நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். வந்திருக்கும் பேப்பரை அ-3 பிரிவுக்குக் குறித்து அனுப்புங்கள். அரசு வக்கீலுக்கு 'பரிசீலிக்க ஆட்சேபணை இல்லை' என்று தகவல் கொடுங்கள். பதில் மனுவுக்கு முதல் வாய்தாவில் அவகாசம், இரண்டாம் வாய்தாவில் கடைசி அவகாசம், மூன்றாம் வாய்தாவில் கடைசியிலும் கடைசி அவகாசம் கிடைக்கும். அவசரப்பட்டு முதலிலேயே தாக்கல் செய்து மற்ற அதிகாரிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தராதீர்கள்.

நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரும் உறுதிமொழிப் பத்திரத்தின் மாதிரி நகல் பத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். 'நீதிமன்றத்தின் மாட்சிமை மீது அளவற்ற மரியாதை கொண்டவன்' என்ற வரியை மட்டும் மாற்றாதீர்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் பலித்த வரி. பெயர், வழக்கு எண், தேதி மூன்றும் காலியாக விட்டிருக்கிறது. கையெழுத்தை இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

இணைப்பு: மேற்கண்டவாறு.
நகல்: மகளுக்கு, தகவலுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.